முட்டித் தேய்மானமும் இளைத்துப்போன தொடையும்: எந்த வழி தசையைக் காப்பாற்றும்?

அம்மா நாற்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். இஞ்சு டேப் எப்போதும் அவள் கழுத்தில்தான் கிடக்கும். போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு மதியம், கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அதே டேப்பைத் தன் தொடையில் சுற்றிப் பார்த்தாள். முட்டிச் சில்லுக்கு மேலே ஆறு இஞ்சு தள்ளி வலது தொடை 18½. இடது தொடை 17. "என்னடி இது, ஒரு தொடை எளைச்சுப்போயிருக்கு?" என்றாள். ஆறு வருடமாக வலிப்பது அந்த இடது முட்டிதான்.

அதுவரை பார்த்த டாக்டர்கள் எல்லாரும் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு எலும்புக்கும் நடுவில் இடைவெளி குறைந்துபோனதைக் காட்டினார்கள். தொடையைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. எங்களுக்கும் அது தோன்றவில்லை. அம்மா டேப்பை எடுத்த அன்றுதான் கேள்வியே மாறியது. வலிக்கு என்ன செய்வது என்று ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்: தினம் நட, கரண்ட் வை, ஊசி போடு, எடையைக் குறை, ஆபரேஷன் பண்ணு. இவை ஒவ்வொன்றும் தொடைத் தசையை என்ன செய்கிறது என்று கேட்கத் தொடங்கியபோது வரிசையே தலைகீழாகிவிட்டது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எட்டு மாதம் அம்மாவோடும், அதே வலி உள்ள பெரியம்மாவோடும் அலைந்து, படித்து, கேட்டுத் தெரிந்துகொண்டவள்.

தசை ஏன் போகிறது

தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் சேர்ந்து முட்டிச் சில்லைப் பிடித்து இழுக்கின்றன. நாற்காலியை விட்டு எழுவது, படி இறங்கும்போது உடம்பைத் தாங்கி மெல்ல இறக்குவது, நடக்கும்போது குதிகால் தரையில் படுகிற அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது எல்லாம் இவற்றின் வேலை. இவை தளர்ந்தால் அந்த அதிர்ச்சியில் பெரும்பங்கு மூட்டின் தலையில்தான் விழும்.

வலிக்கிறது, காலைப் பயன்படுத்துவதில்லை, அதனால் இளைக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பாதிதான். மீதிப் பாதிக்கு 1984-இல் வந்த ஓர் ஆய்வு நல்ல சாட்சி. நோயில்லாத முட்டிகளுக்குள் உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தார்கள். 20 முதல் 30 மில்லி போனதுமே தொடையின் உள்பக்கத் தசைக்கு வருகிற உத்தரவு குறைந்தது. 50, 60 மில்லி ஆனதும் மற்ற தசைகளும் அடங்கின. முதலில் சொன்ன 20, 30 மில்லி என்பது இருமல் மருந்து மூடியில் இரண்டு மூன்று மூடி நீர், அவ்வளவுதான். மூட்டு நிறைந்திருக்கிறது என்ற செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கிருந்து தசைக்குக் கிளம்புகிற கட்டளை பாதியிலேயே தடைபடுகிறது. முட்டியில் நீர் கோத்திருக்கிறவர்கள் எவ்வளவு முக்கினாலும் தொடையை முழுசாக இறுக்க முடியாமல் போவது சோம்பேறித்தனம் இல்லை. அதைச் சொன்ன நாளில் அம்மா முகம் தெளிந்தது. "நாந்தேன் முயற்சி பத்தாதுன்னு நெனச்சேன்" என்றாள்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் இண்டியானாவில் 1997-இல் வெளியான ஆய்வில், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தும் வலியே வந்திராதவர்களிடமும் தொடை பலவீனம் இருந்தது. அவர்களின் தசை அளவில் குறையவும் இல்லை. ஆக, வலி வந்த பிறகுதான் பலம் குறையும் என்று இல்லை. பலம் முன்னால் போய், தேய்மானம் பின்னால் வேகம் பிடிக்கவும் கூடும்.

இதிலிருந்து டேப்பைப் பற்றியும் ஒன்று புரியும். உடம்பு கனமானவர்களுக்கு டேப் பொய் சொல்லும். தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொண்டால் சுற்றளவு அப்படியே இருக்கும். நம்பகமான சோதனை நாற்காலிதான். கைப்பிடி இல்லாத, சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-இல் வகுத்த கணக்குப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை இழப்பு இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். முட்டி வலியாலும் நேரம் கூடும். அதனால் இதை நோய்க்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், மாதாமாதம் தன்னோடு தானே ஒப்பிடும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு முதல் நாள் 19 விநாடி. பெரியம்மாவால் மூன்றாவது முறைக்கு மேல் எழவே முடியவில்லை.

நடையா, எடை கட்டிய பயிற்சியா

எங்கள் தெருவில் முட்டி வலி என்றால் முதல் யோசனை நடைதான். காலையில் ஒரு மணி நேரம் நட, சரியாகிவிடும் என்பார்கள். நடையை நான் குறை சொல்ல மாட்டேன். வலி குறைவது, சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மனசு என்று பார்த்தால் நடையும் சைக்கிளும் எதற்கும் சளைத்தவை இல்லை. ஆனால் சமதரையில் மெதுவாக நடக்கும்போது தொடைத் தசை தன் பலத்தில் சிறு பங்கைத்தான் செலவு செய்கிறது. பழகின சுமை தசையை வளர்க்காது. அம்மா இரண்டு வருடம் ஒருநாள் விடாமல் நடந்தவள். அந்த இரண்டு வருடத்தில்தான் அந்த 1½ இஞ்சும் போயிருக்க வேண்டும். தசை இழப்பு என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் நடை தோற்றுவிடுகிறது.

தசை கேட்பது சுமை. அதுவும் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூடுகிற சுமை. இதற்கு ஜிம்மும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். அம்மா செய்ததைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கட்டிலோடு அழுத்துகிற மாதிரித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுவது. பத்து முறை. பிறகு ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு மற்றக் காலை விறைப்பாக ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குவது. மூன்றாவது வாரம் நாற்காலிக்கு வந்தோம். உட்காரும் இடத்தில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, அதிலிருந்து எழுந்து உட்காருவது. எழுவதைவிட உட்காருவதை மெதுவாகச் செய்யச் சொன்னார் பிசியோ. தொப்பென்று விழக்கூடாது, மூன்று எண்ணி இறங்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு தலையணையை எடுத்தோம். அப்புறம் இன்னொன்று.

மணல் மூட்டை விஷயத்தில் அம்மா யாரையும் கேட்கவில்லை. பழைய ஜீன்ஸ் பேண்ட்டை வெட்டி நாலு விரல் அகலத்தில் நீளப் பை தைத்து, நடுநடுவே தையல் ஓட்டி அறை பிரித்து, இரண்டு முனையிலும் நாடா வைத்தாள். அறை பிரிக்காவிட்டால் மணல் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து கணுக்காலை அழுத்தும் என்றாள். முதலில் அரை கிலோ மணல். முக்குக் கடை அண்ணாச்சிதான் தராசில் நிறுத்துக் கொடுத்தார். அதைக் கணுக்காலில் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி நிறுத்தி இறக்குவது. 12 முறை சுலபமாக முடிந்தால் அடுத்த வாரம் அறைக்குக் கொஞ்சம் மணல் சேர்ப்பாள். இப்போது 2 கிலோவில் நிற்கிறாள்.

இதையெல்லாம் வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். தசை தேறிக்கொள்ள இடைவெளி வேண்டும். வலி விஷயத்தில் பிசியோ சொன்ன கணக்கு பெரிய தைரியம் கொடுத்தது. 0 முதல் 10 வரை வலிக்கு மார்க் போட்டால், செய்யும்போது 5 வரை வரலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லை என்றால் அடுத்த முறை சுமையைக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. வலித்தால் நிறுத்து என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் பலர் முதல் வாரத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

ரொம்பக் கனமாகத் தூக்கினால்தான் பலனா? அமெரிக்காவில் 377 பேரை 18 மாதம் வைத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. கனமான எடைப் பயிற்சி, லேசான எடைப் பயிற்சி, பயிற்சியே இல்லாமல் ஆரோக்கிய வகுப்புகள் மட்டும் என்று மூன்று குழு. முடிவில் முட்டி வலியில் மூன்று குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வு கேட்டது வலியையும் மூட்டின் மேல் விழும் அழுத்தத்தையும்தான். பயிற்சி செய்தால் வலி பறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்றும் நினைக்க வேண்டாம் என்றுதான் நான் அதைப் படித்தேன். எழுபது வயதில் கையை ஊன்றாமல் எழுந்து நிற்கிற பலம் வலியைக் காட்டிலும் வேறொரு கணக்கு.

கனத்தைத் தாங்கவே முடியாத முட்டிக்கு இன்னொரு வழி இருக்கிறது. தொடையின் மேல்பக்கம் பட்டையைக் கட்டி, ரத்த ஓட்டத்தை அளவாகக் குறைத்துக்கொண்டு, லேசான எடையில் பயிற்சி செய்வது. பிரேசிலில் முட்டித் தேய்மானம் உள்ள பெண்களிடம் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் கனமான பயிற்சிக்கு நிகராகத் தசையும் பலமும் கூடின. பழக்கப்பட்ட பிசியோ பக்கத்தில் இருக்க வேண்டும். ரத்தக் கட்டி, மோசமான ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. வீட்டில் கயிறு கட்டிச் செய்து பார்க்கிற காரியம் இல்லை இது.

தண்ணீருக்குள் பயிற்சி நல்லதுதான், எங்கள் ஊரில் பெண்கள் இறங்குகிற நீச்சல் குளம் இல்லை. மெதுவாக அசைந்து செய்கிற சீனத்துப் பயிற்சியான தாய்ச்சியை பிசியோதெரபியோடு ஒப்பிட்டு 204 பேரிடம் செய்த அமெரிக்க ஆய்வில் (2016) இரண்டும் சமமாக வந்தன. அதனால் யோகா செய்பவர்கள் விட வேண்டியதில்லை. ஆனால் நின்றபடி முட்டியைக் கொஞ்சம் மடக்கித் தாங்குகிற ஆசனங்களைப் பாருங்கள். வஜ்ராசனத்தில் முட்டியை முழுசாக மடக்கி உட்காருவதால் தொடைக்குப் பலம் வராது, வலிதான் கூடும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முட்டி வலி வந்ததும் வீட்டில் முதலில் மாறுவது கக்கூஸ். மேலை நாட்டுக் கோப்பை வைத்து, அதற்கும் மேல் உயரம் கூட்டுகிற சட்டம் போடுகிறோம். பிறகு தரையில் உட்காராதே என்கிறோம். சோபா வருகிறது. கீரை ஆய்வது மேசைக்குப் போகிறது. வலிக்கு இதெல்லாம் தேவைதான், அம்மாவுக்கும் செய்தோம். ஆனால் ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை உட்கார்ந்து எழுந்த தொடைக்கு இருந்த வேலை எல்லாம் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போனது. எடுத்த வேலைக்குப் பதில் வேலை கொடுக்காமல் விட்டது எங்கள் தப்பு.

கரண்ட், சூடு, முட்டி உறை (நீ கேப்)

பத்து நாள் கரண்ட் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தனியார் கிளினிக்கில் சொன்னார்கள். போனோம். முட்டியின் நாலு பக்கமும் பட்டை ஒட்டிக் கால்மணி நேரம் குறுகுறுவென்று ஓடும், பிறகு மெழுகு ஒத்தடம். அந்தப் பத்து நாளும் அம்மாவைக் காலைத் தூக்கச் சொல்லவோ, எழுந்து உட்காரச் சொல்லவோ யாரும் இல்லை. சுகமாக இருந்தது, வலியும் ரெண்டு நாள் தணிந்தது. தொடைக்கு அதனால் ஒரு நூல்கூடக் கூடவில்லை.

கரண்டில் இரண்டு ஜாதி உண்டு என்று பிறகு தெரிந்தது. வலியை மரக்கச் செய்கிற குறுகுறுப்பு ஒன்று. தசையையே பிடித்து இறுக்குகிற அளவுக்கு வலுவான இன்னொன்று. பின்னதற்கு முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்தவர்களிடம் நல்ல பலன் இருக்கிறது. 66 பேரிடம் செய்த ஆய்வில் (2012), ஆபரேஷன் முடிந்து இரண்டு நாளிலேயே தொடங்கி ஆறு வாரம் வைத்தவர்களுக்குத் தொடைப் பலம் வேகமாகத் திரும்பியது. ஆனால் சாதாரண முட்டித் தேய்மானத்துக்கு இந்த மின் சிகிச்சைகள் எதையும் தர வேண்டாம், பலனுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2022-இல் சொன்னது. காசு கொடுப்பதாக இருந்தால் பயிற்சி சொல்லித்தருகிற பிசியோவுக்குக் கொடுக்கலாம். படுக்க வைத்துப் பட்டை ஒட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போகிற இடத்துக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

கையில் காசில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவப் பிரிவு உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நீ கேப் போட்டால் தசை சுருங்கிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பயப்பட வேண்டியதில்லை, அது மருந்தும் இல்லை. வெளியே போகும்போது தைரியமாக இருக்கிறது என்றால் போட்டுக்கொள்ளட்டும்.

ஊசியும் மாத்திரையும்

மூட்டுக்கென்று விற்கிற குளுக்கோசமைன் மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாக: 1583 பேரிடம் செய்து 2006-இல் வந்த அமெரிக்க ஆய்வில் மொத்தத்தில் பலன் இல்லை. தசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மா மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்த அந்தக் காசு இப்போது முட்டைக்கும் மீனுக்கும் போகிறது.

ஸ்டீராய்டு ஊசியை அப்படித் தள்ளிவிட முடியாது. தண்டுவடம் தொடையை அடக்கி வைப்பதற்கு முட்டியின் வீக்கமும் நீரும் காரணம் என்றால், அந்த வீக்கத்தைத் தணிக்கிற ஊசி சில வாரத்துக்காவது பூட்டைத் திறக்கும். கால் நீட்டவே விடாத வீக்கத்தோடு இருப்பவருக்கு, அந்தச் சில வாரத்தில் பயிற்சியைத் தொடங்கிவிடும் எண்ணத்தோடு ஒரு முறை போடுவதில் நியாயம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஊசியே வைத்தியமாகிவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு வருடம் ஸ்டீராய்டு போட்டவர்களையும் வெறும் உப்புநீர் போட்டவர்களையும் 2017-இல் ஒப்பிட்டார்கள். மொத்தம் 140 பேர். வலியில் வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களின் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை ஊசிக்கும் பிசியோதெரபிக்கும் பிரித்துவிட்ட ஆய்வு 2020-இல் வந்தது. வலியும் முடக்கமும் கூடக் கூட மார்க் ஏறுகிற கணக்கில், ஒரு வருடம் கழித்து ஊசிக் குழுவுக்கு சராசரி 55.8, பிசியோ குழுவுக்கு 37. எங்கள் வீட்டு முடிவை உறுதிசெய்தது இந்த ஒரு ஆய்வுதான்.

சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றி முட்டிக்குள்ளே போடுகிற பிஆர்பி ஊசி இப்போது ஊரெல்லாம் பேச்சு. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு (2021), ஒரு வருடம் கழித்து வலியிலும் குருத்தெலும்பிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்றது. அம்மாவுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

எடையைக் குறைப்பது, ஆனால் தசையோடு சேர்த்து அல்ல

உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் விழும் சுமை நாலு கிலோ குறைகிறது என்று 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். அதே ஆய்வாளர்கள் 454 பேரிடம் 18 மாதம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்ந்த குழுவுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது.

ஆபத்து எங்கே என்றால், நம் வீடுகளில் எடை குறைப்பது என்றாலே பட்டினிதான். காலையில் கஞ்சி, இரவில் இரண்டு இட்லி. எடை இறங்கும், கூடவே தசையும் இறங்கும். முட்டி வலிக்காரருக்கு அது நஷ்டக் கணக்கு. உடல் பருமன் உள்ளவர்களுக்குப் போடும் செமாகுளுடைட் ஊசியிலும் இதே கவலை உண்டு. முட்டித் தேய்மானமும் பருமனும் உள்ள 407 பேரிடம் 68 வாரம் நடத்திய ஆய்வில் (2024) ஊசி போட்டவர்களின் எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது, வலியும் நன்றாகவே குறைந்தது. ஆனால் அப்படி வேகமாகக் குறைகிற எடையில் தசைக்கும் பங்கு இருக்கும். அந்த ஊசியை எடுப்பவர்கள் எடைப் பயிற்சியையும் புரதத்தையும் விட்டால் தொடை இன்னும் மெலியும்.

அம்மாவின் ஒரு நாள் சாப்பாட்டை எழுதிப் பார்த்தேன். காலையில் மூன்று இட்லி, சாம்பார். மதியம் சோறு, குழம்பு, பொரியல், ஒரு கரண்டி தயிர். சாயங்காலம் டீ. இரவு தோசை. எப்படிக் கூட்டினாலும் புரதம் 40 கிராமைத் தொடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவுப்படி பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013-இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது. அம்மா 64 கிலோ. 64 முதல் 77 கிராம் வரை வேண்டும். குறைந்தது 24 கிராமாவது பற்றாக்குறை.

புரதப் பொடி வாங்கவில்லை. காலையில் இரண்டு முட்டை சேர்த்தோம், 12 கிராம். டீயோடு முறுக்குக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், இன்னொரு 12. மதியம் மீனோ கோழியோ நாலு துண்டு, அது இல்லாத நாளில் பருப்பைக் கெட்டியாகக் கடைந்து தயிரை ஒரு கிண்ணமாக்கினோம். சோறு ஒரு கரண்டி குறைந்தது தானாகவே நடந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ஆபரேஷன்

பெரியம்மாவின் கதை வேறு. வலது கால் வில்லாக வளைந்துவிட்டது. ராத்திரி வலியில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வாசல்படி தாண்ட முடியவில்லை. அவருக்கு முட்டி மாற்றுதான் சரி என்று நானே சொன்னேன். மூட்டுக் கருவிகளுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் விலை வரம்பு வைத்த பிறகு செலவும் முன்னைப்போல மலைப்பாக இல்லை.

டென்மார்க்கில் 100 பேரிடம் செய்து 2015-இல் வந்த ஆய்வு இந்த முடிவை எடுக்கிறவர்கள் எல்லாரும் அறிய வேண்டியது. பாதிப் பேருக்கு ஆபரேஷனும் பன்னிரண்டு வாரப் பயிற்சித் திட்டமும், மீதிப் பேருக்கு அந்தத் திட்டம் மட்டும். ஒரு வருடத்தில் ஆபரேஷன் குழுவின் முன்னேற்றம் மற்றதைப்போல இரண்டு மடங்கு. கடுமையான பக்கவிளைவுகளும் அந்தக் குழுவில்தான் அதிகம். இன்னொரு பக்கம், பயிற்சி மட்டும் என்று தொடங்கியவர்களில் அந்த ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் 26 சதவீதம்தான். ஆக, ஆபரேஷன் பலன் தருகிறது. பெரும்பாலோர் உடனே போக வேண்டியதும் இல்லை.

தசைக் கணக்கில் ஆபரேஷன் முதலில் பெரிய நஷ்டத்தோடுதான் தொடங்குகிறது. 2005-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது, ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்தில் தொடையின் பலம் 62 சதவீதம் குறைந்திருந்தது. தசையின் பருமன் குறைந்தது 10 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு அந்தப் பழைய தடைதான், வெட்டிய வீங்கிய மூட்டிலிருந்து போகிற செய்தி தசையைக் கட்டிப்போடுகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் தொடை எவ்வளவு பலமாக இருந்ததோ, அதைப் பொறுத்துத்தான் ஒரு வருடம் கழித்துப் படி ஏறுவதும் நடப்பதும் அமைகிறது என்பதும் அதே குழுவின் ஆய்வில் தெரிந்தது. "ஆபரேஷன்தான் பண்ணப் போறோமே, இனி எதுக்குக் காலைத் தூக்கணும்" என்று பெரியம்மா கேட்டபோது இதைத்தான் சொன்னேன். புது மூட்டு போட்டாலும் அதை இழுக்கப்போவது அதே பழைய தொடைதான்.

எங்கள் வீட்டில் என்ன முடிவானது

அம்மாவுக்கு மணல் மூட்டையும் நாற்காலியும் வாரம் மூன்று நாள், நடை அரை மணி நேரம் தினமும், முட்டையும் சுண்டலும். மாதம் ஒருமுறை பிசியோவிடம் போய்ச் செய்கிறது சரியா என்று காட்டிவிட்டு வருவோம். நீர் கோத்து வீங்கினால் மட்டும் ஊசியைப் பற்றி யோசிப்பது. ஆபரேஷனை இந்த வருடம் பேசுவதில்லை. ராத்திரி வலி தூக்கத்தைக் கெடுத்தால், கால் வளையத் தொடங்கினால், ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகும் கடைத்தெருவரை போக முடியாவிட்டால் அப்போது எலும்பு டாக்டரிடம் திரும்பப் போவது என்று எழுதி காலண்டர் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. அம்மா அவருக்கும் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். வளைந்த காலில் கட்ட முடியாது என்பதால் நல்ல காலுக்கு மூட்டை, வலிக்கிற காலுக்குத் துண்டை அழுத்துகிற பயிற்சி. ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரம் உடம்பைத் தாங்கப்போவது அந்த நல்ல கால்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா மறுபடி டேப்பைச் சுற்றினாள். இடது தொடை 17¼. எட்டு மாதத்தில் கால் இஞ்சு. அவளுக்கு அது பத்தவில்லை. முதல் மாதங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்பு பழகுவதால்தான், அளவு பின்னால் மெதுவாகத்தான் வரும் என்று பிசியோ சொன்னதை நினைவுபடுத்தினேன். நாற்காலிக்குப் போனோம். 13 விநாடி. "ஒரு விநாடிதான பாக்கி" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் மணலை இரண்டேகால் கிலோ ஆக்க வேண்டும், அண்ணாச்சி கடை திறந்ததும் பையைக் கொண்டுபோய் நிறுத்துக்கொண்டு வா என்றாள்.